பயிர், ஏற்றுமதி, தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு எதை விளைவிக்கிறது, எதை விற்கிறது, எதை வெளியிலிருந்து வாங்குகிறது என்பதை வைத்தே அதன் தண்ணீர்ச் செலவில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. உலகில் ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. இந்தியாவில் அது 80 சதவீதத்துக்கும் மேல். பல் துலக்கும்போது குழாயை மூடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் நாட்டின் கணக்கு வயலில் நடக்கிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டு நாடுகளைப் பற்றியது: கோதுமை விளைவித்துப் பார்த்துக் கைவிட்ட சவூதி அரேபியா, அரிசி ஏற்றுமதியில் உலகில் முதலிடத்தில் இருக்கும் இந்தியா.

மறைநீர் என்கிறார்களே, அது என்ன?

ஒரு விளைபொருளை உண்டாக்கச் செலவான தண்ணீர். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் கிடைக்காது, வயலிலேயே ஆவியாகியிருக்கும். ஆனால் அந்த மூட்டையை வாங்கும் நாட்டுக்கு அவ்வளவு தண்ணீரைத் தன் மண்ணில் செலவழிக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

லண்டனில் பேராசிரியராக இருந்த டோனி ஆலன் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார். மேற்கு ஆசியாவில் அடுத்த போர் தண்ணீருக்காகத்தான் என்று ஆளாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. போர் ஏன் வரவில்லை என்பதற்கு அவர் சொன்ன விடை எளிமையானது: அந்த நாடுகளுக்குக் குறைகிற தண்ணீர் கோதுமையாகக் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. 2008இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது. நெதர்லாந்தின் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002இல் நீர்த்தடம் என்ற கணக்கு முறையைக் கொண்டுவந்தார். நாம் பார்க்கும் கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்ற எண்களில் பெரும்பாலானவை அவரும் அவருடைய சகாக்களும் போட்டவை.

ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் என்பது உண்மையா?

உலகச் சராசரியாக உண்மை. அதை அப்படியே தூக்கி எந்த ஊருக்கும் பொருத்தினால் தப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியா அண்மை ஆண்டுகளில் சுமார் 2 கோடி டன் அரிசி ஏற்றுமதி செய்கிறது. டன்னுக்கு 2,500 கன மீட்டர் என்றால் 5,000 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 1,766 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஆக, ஆண்டுதோறும் 19 மேட்டூர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம் என்று தலைப்புப் போட்டுவிடலாம். போடவும் செய்கிறார்கள்.

அந்தத் தலைப்பு மறைப்பது இதை. உமியோடு கூடிய நெல்லுக்கு உலகச் சராசரி டன்னுக்குச் சுமார் 1,670 கன மீட்டர். அதில் ஏறத்தாழ 1,150 வயலில் நேராக விழுந்த மழை. பாசனமாகக் கொடுத்து ஆவியானது 340 அளவில்தான். மீதி, உரத்தால் கெட்ட நீரைச் சரிக்கட்ட எவ்வளவு நன்னீர் தேவைப்படும் என்று கணக்கில் சேர்த்த தொகை. மழைநீரைப் பச்சை நீர் என்றும், ஆறு, அணை, நிலத்தடியிலிருந்து எடுப்பதை நீல நீர் என்றும் சொல்வது வழக்கம். பச்சை நீரைக் குழாயில் பிடித்து ஊருக்கு அனுப்ப முடியாது. அந்த வயலில் நெல் இல்லாவிட்டால் புல் குடிக்கும். நீல நீருக்குத்தான் குடிநீர், ஆலை, அடுத்த போகம் என்று வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அதிலும் மீண்டும் ஊறாத நிலத்தடி நீர் என்றால் கணக்கே வேறு.

ஒடிசாவில் மானாவாரியாக விளைந்த ஒரு கிலோ அரிசியும், பஞ்சாபில் பல நூறு அடி ஆழத்திலிருந்து இறைத்து விளைந்த ஒரு கிலோவும் மறைநீர்ப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து எண்களாக நிற்கலாம். ஊர்க் கிணற்றுக்கு அவை ஒன்றல்ல.

அப்படியானால் வறண்ட நாடு தானியத்தை வெளியிலிருந்து வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

பெரும்பாலும் ஆம். ஜோர்டான் தன் கோதுமைத் தேவை கிட்டத்தட்ட முழுவதையும் இறக்குமதி செய்கிறது. வேறு வழியும் இல்லை. எகிப்துக்கு நைலில் 1959 ஒப்பந்தப்படி உள்ள பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். அது ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல் கோதுமை வாங்குகிறது. டன்னுக்கு 1,000 கன மீட்டர் என்று வைத்தாலே நைல் பங்கில் ஆறில் ஒன்றுக்கும் மேற்பட்ட தண்ணீர் கப்பலில் வருகிறது என்று அர்த்தம். அதே எகிப்து நெல் பரப்புக்கு ஆண்டுதோறும் உச்சவரம்பு வைக்கிறது, மீறினால் அபராதம்.

இந்த வழிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கையில் டாலர் இருக்க வேண்டும். விற்கிறவன் விற்க மனம்கொள்ள வேண்டும். இவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

சவூதி பாலைவனத்தில் கோதுமை விளைந்தது நிஜமா?

நிஜம். விளைந்தது மட்டுமில்லை, ஏற்றுமதியும் ஆனது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவில்தான் உள்ள நாடு, நிலையாக ஓடும் ஓர் ஆறு கிடையாது, ஒரு கட்டத்தில் உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதியாளர்கள் வரிசையில் நின்றது.

காரணம் அரசியல். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் கொடுக்க மறுத்தபோது, பதிலுக்குத் தானியத்தை நிறுத்துவோம் என்ற பேச்சு அமெரிக்காவில் எழுந்தது. அந்தப் பயம் ரியாத்தில் ஆழமாக இறங்கியது. எண்ணெய்ப் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. அரசு கோதுமைக்கு உலகச் சந்தை விலையைப் போல் பல மடங்கு கொள்முதல் விலை கொடுத்தது; ஆழ்துளைக் கிணறு, மோட்டார், எந்திரம் எல்லாவற்றுக்கும் கடனும் மானியமும் கொடுத்தது. மையத்தில் ஒரு குழாய்க்கிணறு, அதிலிருந்து நீளும் சக்கரம் வைத்த கை, அது மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தெளிக்கும் தண்ணீர். ஒரு வட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர். செயற்கைக்கோள் படத்தில் பழுப்பு மணலில் பச்சைப் பொட்டுகளாகத் தெரிந்தவை இவைதான்.

1980களின் நடுவில் தன்னிறைவு. 1992 வாக்கில் உச்சம், 40 லட்சம் டன். டன்னுக்கு 1,500 கன மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 600 கோடி கன மீட்டர், சுமார் 212 டிஎம்சி. ஒப்பிட வேண்டுமானால், 2018இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு ஒதுக்கியது 177.25 டிஎம்சி. காவிரிக்காவது அடுத்த ஜூனில் மழை வரும். சவூதி இறைத்தது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் மழை பெய்த காலத்தில் பாறைக்குள் தங்கிய நீர். எண்ணெயைப் போலவே அதுவும் எடுத்தால் தீர்ந்தது.

பிறகு எப்படி நிறுத்தினார்கள்?

2008 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு: அரசின் கோதுமைக் கொள்முதல் ஆண்டுக்கு 12.5 சதவீதம் குறையும், 2016இல் பூஜ்யமாகும். யாரும் விதைக்கக் கூடாது என்று சட்டம் போடவில்லை. வாங்க மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். சொன்னபடி 2016இல் முடிந்தது.

கோதுமை நின்றதும் தண்ணீர் மிச்சமானதா?

எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, இந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, சுற்றும் தெளிப்பான் இருந்தது. தண்ணீருக்கு விலை இல்லை. நிலம் வைத்திருந்தவர்கள் குதிரைமசாலுக்கு மாறினார்கள். கோதுமை குளிர்காலப் பயிர், சில மாதங்களில் முடிந்துவிடும். குதிரைமசால் ஆண்டு முழுதும் வெட்ட வெட்டத் தழைக்கும் தீவனம், கோடையிலும் குடிக்கும். பால் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்ததால் விற்பனைக்குக் குறையில்லை. தண்ணீரைக் காப்பாற்ற ஒரு பயிரை நிறுத்தப்போய், அதைவிடத் தாகம் கூடிய பயிர் அதே வட்டங்களில் வந்து உட்கார்ந்தது.

2015இல் பசுந்தீவனத்தையும் மூன்று ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் முடிவு வந்தது. பால் நிறுவனங்கள் வெளிநாட்டில் நிலம் தேடின. அல்மராய் நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறத்தாழ 9,800 ஏக்கர் வாங்கியது. அங்கே குதிரைமசால் விளைவித்து, காயவைத்து, கட்டு கட்டாகக் கட்டிக் கடல் தாண்டி ரியாத் மாடுகளுக்கு அனுப்பியது. அரிசோனாவும் பாலைவனம்தான். ஆனால் அந்தக் கிராமப்புறப் பகுதியில் நிலம் வைத்திருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்க முடிந்தது. பட்லர் பள்ளத்தாக்கில் அந்த நிறுவனம் எடுத்திருந்த மாநில அரசு நிலத்துக்குக் குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 25 டாலராக இருந்தது. தண்ணீருக்குத் தனிக் கட்டணம் இல்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றியது அரசியல் பிரச்சினையாகி, 2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அங்கே ஒரு குத்தகையை ரத்து செய்தார், மற்றவற்றைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்.

சவூதியின் நிலத்தடி நீரைக் காக்க அரிசோனாவின் நிலத்தடி நீர். மறைநீர் வணிகம் உலகத் தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் என்று பாடப்புத்தகம் சொல்லும்போது எனக்கு இந்தக் கட்டுகள்தான் நினைவுக்கு வரும். சிக்கனமாகுமா இல்லையா என்பது விற்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன விதி என்பதைப் பொறுத்தது. ஆலன் நினைத்தது அமெரிக்க, கனடிய மழைக் கோதுமையை. சந்தை தேடிப்போவது மழை உள்ள ஊரை இல்லை, தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிற ஊரை.

இந்தியா தண்ணீரை ஏற்றுமதி செய்கிறதா?

செய்கிறது, ஆனால் நேர்வழியில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "பஞ்சாப் தண்ணீர் துபாய்க்குப் போகிறது" என்பவர்களும், "ஏற்றுமதி அரிசி பஞ்சாபிலிருந்து போவதே இல்லை" என்பவர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் பாதி சரி.

உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. அதில் பாசுமதி அல்லாத அரிசியில் பெரும்பங்கு ஆந்திரத்தின் காக்கிநாடா போன்ற கிழக்குத் துறைமுகங்களிலிருந்து போகிறது. ஆந்திரம், தெலங்கானா, சத்தீஸ்கர், ஒடிசா, மேற்கு வங்க நெல். பஞ்சாபின் சாதாரண நெல் ஏறத்தாழ அப்படியே அரசுக் கொள்முதலுக்குப் போகிறது. இந்திய உணவுக் கழகம் அதை அரைத்து, ரயிலேற்றி, மற்ற மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கு அனுப்புகிறது. அங்கெல்லாம் ரேஷன் வயிற்றை நிரப்புவதால், அங்கே விளைந்த அரிசி வெளிச்சந்தையில் மிச்சமாகிறது. அந்த மிச்சம் கப்பலேறுகிறது. அரிசி ஏறுவது காக்கிநாடாவில். நிலத்தடி நீர் இறங்குவது பஞ்சாபின் சங்க்ரூரில்.

பஞ்சாபில் 1960-61இல் நெல் பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 31 லட்சத்துக்கு மேல். ரொட்டி தின்னும் மாநிலம் அது. ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். நெல்லுக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது வயலில் நிற்க வேண்டும். இடைவெளியை மோட்டார் நிரப்புகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியக் கணக்குப்படி, ஆண்டுக்கு ஊறுவதில் எடுக்கத்தக்க அளவைப்போல் 150 சதவீதத்துக்கும் மேல் அங்கே எடுக்கிறார்கள்.

தண்ணீர் தீர்வது தெரிந்தும் பஞ்சாப் விவசாயி ஏன் மாற மாட்டேன் என்கிறார்?

அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் மாற மாட்டீர்கள். நெல் அறுத்து மண்டிக்குக் கொண்டுபோனால் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசு வாங்கிக்கொள்ளும், பணம் வந்துவிடும். மக்காச்சோளம், பருப்பு, எண்ணெய்வித்து எல்லாவற்றுக்கும் ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பயிர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நெல், கோதுமை போல் அவற்றை முழுமூச்சாக வாங்குவதில்லை. வியாபாரி சொன்ன விலைதான். இந்தப் பக்கம், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1997 முதல் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். நிச்சயமான விலை ஒரு கையில், செலவில்லாத தண்ணீர் மறு கையில். நீர்மட்டம் இறங்கினால் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தி, பெரிய மோட்டாராக மாட்டுகிறார். சிறு விவசாயி அதற்குக் கடன் வாங்குகிறார்.

சவூதி பயன்படுத்தியதும் இதே இரண்டு கருவிகளைத்தான்: உறுதியான கொள்முதல், இலவசத் தண்ணீர். எண்ணெய் மன்னராட்சியும் தேர்தல் நடக்கும் மாநிலமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வேறுபாடு, கொள்முதலை நிறுத்துகிறேன் என்று ரியாத் ஓர் அறிவிப்பில் சொல்லிவிட முடிந்தது.

2009இல் பஞ்சாப் ஒரு தண்ணீர்ச் சட்டம் போட்டதே?

போட்டது. ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது அது. ஹரியானாவும் அதே ஆண்டு பின்தொடர்ந்தது. மே மாத வெயிலில் தொழியடித்து நட்டால் நிறையத் தண்ணீர் ஆவியாகிவிடும், மழைக்கு நெருக்கமாக நடு என்பதே அதன் சாரம். நீர்மட்டம் இறங்கும் வேகம் ஓரளவு குறைந்தது. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகிறது, அடுத்த கோதுமை விதைப்புக்கு நாள் கிடைப்பதில்லை. அறுத்த நெல்லின் அடித்தாளை உழுது மக்கவிட நேரமில்லாமல் தீ வைக்கிறார்கள். டெல்லியின் நவம்பர்ப் புகையில் அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது பி.ஆர். 126 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் பரவுகின்றன. மிச்சப்படுத்திய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை 2018இல் பஞ்சாப் சோதித்தது. நெல்லை விட்டால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று 2020இல் ஹரியானா அறிவித்தது. யோசனைகள் நல்லவை, நெல்லின் நிச்சயத்துக்கு முன் தொகை சிறிது.

பாசுமதியும் அதே குற்றவாளியா?

குறைவான குற்றவாளி. பாசுமதியைப் பிந்தி, பருவமழையோடு நடுகிறார்கள். ஆதரவு விலை கிடையாது, சந்தை விலைதான். டன்னுக்குக் கிடைக்கும் அந்நியச் செலாவணியும் சாதாரண அரிசியைவிட அதிகம். அந்தக் கிணறுகளிலிருந்து தண்ணீர் போயே தீரும் என்றால், பாசுமதியாகப் போவது மேல்.

பருப்பும் எண்ணெயும் இறக்குமதி செய்கிறோமே, அதில் தண்ணீர் மிச்சம்தானே?

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மாதாமாதம் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பையும் 25 ரூபாய் பாமாயில் பாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு சில சமயம் துவரை, சில சமயம் கனடாவின் மஞ்சள் பருப்பு. சாம்பாரில் வேகவைத்தவுடன் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாமாயில் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ பெய்த மழை. பக்கத்தில் எடை போடும் அரிசி நம்மூர்க் கிணறு, நம்மூர் அணை. ஒரே பையில் இறக்குமதி மழையும் உள்நாட்டு நீலநீரும்.

சராசரிப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பருப்பு இறக்குமதி பெரிய லாபம். ஒரு கிலோ பருப்புக்கு 4,000 லிட்டர் என்கிறது பட்டியல், அரிசியைவிட அதிகம். ஆனால் இந்தியாவில் துவரை எங்கே விளைகிறது? கர்நாடகத்தின் கலபுரகிக் கரிசல் போன்ற இடங்களில், பெரும்பாலும் மானாவாரியாக. அங்கே செலவாவது அந்த நிலத்தில் விழும் மழை. மொசாம்பிக்கிலிருந்தோ மியான்மரிலிருந்தோ துவரை வந்து இறங்கினால் கலபுரகி மழை மிச்சமாகி எந்த மோட்டாரையும் நிறுத்தப்போவதில்லை. துவரை விலைதான் சரியும். 2021 முதல் துவரைக்கும் உளுந்துக்கும் தடையில்லா இறக்குமதி, 2023 டிசம்பர் முதல் 2025 அக்டோபர் வரை மஞ்சள் பட்டாணிக்குத் தீர்வை விலக்கு. நகரத்து விலைவாசிக்காகச் செய்தது, புரிகிறது. ஆனால் நெல்லை விட்டுப் பருப்புக்கு மாறு என்று ஒரு துறை சொல்லும்போது, பருப்பு விலையை இன்னொரு துறை இறக்குமதியால் அழுத்துகிறது. நீர்ச் சிக்கனமான பயிரை இறக்குமதி செய்து, நீர் அதிகம் குடிக்கும் பயிரை ஏற்றுமதி செய்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை.

உள்நாட்டுக்குள் மாநிலங்களிடையே இந்த மறைநீர் வணிகம் நடக்கிறதா?

தலைகீழாக நடக்கிறது. மழையும் ஆறும் கொழிக்கும் பீகார் பஞ்சாபின் தானியத்தை வாங்குகிறது. கேரளத்தில் 1970களில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு இன்று 2 லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது; அங்கே கொட்டும் மழைக்குப் பஞ்சமில்லை, ஆந்திர அரிசியும் தமிழ்நாட்டு அரிசியும் லாரியில் ஏறிப்போகின்றன. தலைக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கொள்முதல் நிலையம் எங்கே இருக்கிறது என்பவைதான் பயிரைத் தீர்மானிக்கின்றன. மழை கடைசியில் வருகிறது.

சீனாவிலும் இதே கதை. வறண்ட வட சமவெளி தானியத்தை ஈரமான தெற்குக்கு அனுப்புகிறது. தெற்கின் யாங்சே நீரைக் கால்வாய் வெட்டி வடக்குக்குக் கொண்டுவருகிறார்கள். நடுப்பாதைக் கால்வாய் 2014 டிசம்பரில் திறந்தது.

நெல் உற்பத்தியைக் கிழக்குக்கு நகர்த்தினால் தீர்ந்ததா?

ஓரளவு. சத்தீஸ்கரும் ஒடிசாவும் இப்போது பெரிய கொள்முதல் மாநிலங்கள். தெலங்கானாவைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருக்கத் தோன்றும்: 2018 ஜனவரி முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர இலவச மின்சாரம், கோதாவரியிலிருந்து ஏற்றுப் பாசனம், கூடவே கொள்முதல். சில ஆண்டுகளில் நெல் மலைபோல் குவிந்து, யார் வாங்குவது என்று மாநிலமும் மத்தியும் சண்டையிட்டன.

சொட்டு நீர்ப் பாசனம் போட்டால்?

மானியம் வாங்கிப் போடுங்கள், நல்லது. விளைச்சலும் தரமும் கூடும். நாட்டின் நீர்க் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பது வேறு கேள்வி. வயலில் கட்டிய தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கி நிலத்தடியில்தான் சேர்கிறது. அது தொலைந்து போனதில்லை. உண்மையில் தொலைவது ஆவியானது மட்டும். சொட்டுநீரால் கையில் நின்ற தண்ணீரைக் கொண்டு பக்கத்து ஏக்கரிலும் கரும்பு வைத்தால் ஆவியாவது கூடும், கிணறு முன்பைவிட வேகமாக வற்றும்.

டெல்டாவில் நெல்லை நிறுத்தச் சொல்கிறீர்களா?

இல்லை. எகிப்திலேயே நைல் டெல்டாவின் வடகோடியில் நெல்லை முழுதாக எடுக்க முடியவில்லை. வயலில் நன்னீர் நிற்காவிட்டால் கடல் உப்பு மேலேறிவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல் எப்படியும் தண்ணீரில்தான் நிற்கப்போகிறது, அங்கே வேறு எதை வைப்பீர்கள்?

பேச வேண்டியது குறுவை பற்றி, அதுவும் மேட்டூர் ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் போர்வெல்லை நம்பி வைக்கும் குறுவை பற்றி. இன்னொன்று, டெல்டாவிடமே ஒரு விடை இருக்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுப்பு முடியும்போது முளைத்து நிற்கும். அதன்பின் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து முடியும், ஒரு மடை தண்ணீர் தேவையில்லை. மியான்மர் உளுந்தோடு போட்டி போடுவது இந்தப் பயிர். அறுவடை எந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்குவதாலும், நெல்லுக்கு இருக்கிற கொள்முதல் உளுந்துக்கு இல்லாததாலும் பலர் விட்டுவிட்டார்கள்.

இறக்குமதியை நம்பி இருப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். 2007-08இல் இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியை அடைக்க, தாய்லாந்து அரிசி டன் 1,000 டாலரைத் தொட்டது. 2010 ஆகஸ்டில் ரஷ்யா வறட்சியில் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2022இல் உக்ரைன் போர். எகிப்து வாங்கிய கோதுமையில் பெரும்பகுதி அந்த இரு நாடுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சவூதியும் முழுக் கைவிடலிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி, தீவனத்தை விட்ட விவசாயிகளிடம் அளவோடு கோதுமை வாங்கத் தொடங்கியது.

டாலர் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் பெரும்போக நெல் சரிந்தது. ஏறத்தாழ தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசியை வெளியில் வாங்க வேண்டிய நிலை, அதுவும் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த நேரத்தில். 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

அதனால் எவ்வளவு இறக்குமதி என்பதை நீரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சேமிப்புக் கிடங்கு எத்தனை மாதம் தாங்கும், விற்பவர்கள் எத்தனை பேர், கஜானாவில் டாலர் எவ்வளவு என்று மூன்றையும் பார்த்துத்தான்.

ஏற்றுமதி அரிசிக்குத் தண்ணீர் வரி போட உலக வணிக அமைப்பு விடுமா?

ஏற்றுமதி வரிக்குப் பொதுவாகத் தடையில்லை. அளவுக் கட்டுப்பாட்டுக்குத்தான் விதிகள் கடுமை. அதிலும் உணவுத் தட்டுப்பாட்டுக்குத் தற்காலிக விலக்கும், தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைக் காக்கும் நடவடிக்கைக்கு நிபந்தனையோடு விலக்கும் உண்டு. இந்தியா 2022 செப்டம்பரில் பச்சரிசிக்கும் 2023 ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. இரண்டும் உள்நாட்டு விலைக்காக. நிலத்தடி நீரைக் காரணம் காட்டி ஒரு வரி இதுவரை வரவில்லை.

மழை பொய்க்கும் ஆண்டில் மட்டும் ஏற்றுமதியை நிறுத்தினால் போதாதா?

அதைச் செய்து பார்த்தாயிற்று. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அந்தத் தேதியில் பஞ்சாபில் நடவு முடிந்திருந்தது, மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொள்முதல் வழக்கம்போல் நடந்தது. கப்பலேறாத அரிசி கிடங்கில் சேர்ந்தது, மத்தியத் தொகுப்பின் அரிசி இருப்பு ஏறிக்கொண்டே போனது. 2024 செப்டம்பரில் தடையை நீக்கினார்கள். கிடங்கில் இடம் போதாமல், தொகுப்பு அரிசியில் ஒரு பகுதியைப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக வடிப்பாலைகளுக்குக் கொடுத்தார்கள்.